நச்சுணவு: தோட்டத்து மக்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்து, அரசு கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாந்தியும் பேதியுமாக வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாருமே கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் சொல்வார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது, அந்த உணவைச் சமைத்தது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் விஷயம் பிடிபடும். உணவால் வரும் பாக்டீரியா நோய்களில் மணிக்கணக்கைப் போலப் பயன்படும் துப்பு வேறில்லை என்பது என் அனுபவம். கிளினிக்கிலும் கோயில் மடைப்பள்ளியிலும் கல்யாண வீடுகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பாக்டீரியா நம் வயிற்றை எப்படிக் கெடுக்கிறது?

மூன்று வழிகள் உண்டு. சில பாக்டீரியாக்கள் உணவில் இருக்கும்போதே நஞ்சை உண்டாக்கிவிடும். நாம் விழுங்குவது அந்த நஞ்சைத்தான் என்பதால் சில மணி நேரத்திலேயே வாந்தி வந்துவிடும். வேறு சில, உயிரோடு நம் குடலுக்குள் போன பிறகு நஞ்சைச் சுரக்கும்; அதற்கு அரை நாள் அளவு தேவைப்படும். இன்னும் சில குடலின் சுவரையே தாக்கி, பெருகி, காய்ச்சலையும் சில சமயம் இரத்தப் பேதியையும் கொண்டுவரும். அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் முதல் பல நாள் வரை பிடிக்கும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற எல்லாப் பதில்களும் எளிதில் விளங்கும்.

இப்போது சாப்பிட்டது காரணமா, முந்தாநாள் சாப்பிட்டது காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து 6 அல்லது 8 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, காய்ச்சல் பெரிதாக இல்லை என்றால், ஸ்டெஃபிலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சாக இருக்கலாம். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசையும் வலியும் நீர்ப்பேதியும் வந்து, வாந்தியும் காய்ச்சலும் அநேகமாக இல்லாவிட்டால் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் நினைவுக்கு வரும். காய்ச்சலோடு பேதி என்றால் சால்மொனெல்லாவை நினைக்க வேண்டும். அதற்கு 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை ஆகலாம். கேம்பைலோபாக்டர் 2 முதல் 5 நாளில் வெளிப்படும். டைபாய்டு இன்னும் மெதுவானது. கிருமி உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்குவது வழக்கம்.

ஆகவே மதியம் சாப்பிட்ட மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸால் சாயங்காலம் காய்ச்சலும் பேதியும் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கடைக்காரர் பழியற்றவராகவும், இரண்டு நாளைக்கு முன்பு வீட்டில் அரைவேக்காடாகச் சமைத்த கோழி உண்மைக் காரணமாகவும் இருக்கலாம். இந்த மணிக்கணக்கு நோயை உறுதி செய்யாது. மலத்தைப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். ஆனால் எங்கே தேடுவது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

விடிவதற்கு முன்பு கட்டிய சோற்றை 11 மணிக்குச் சாப்பிட்டால் ஆபத்தா?

இந்தக் கேள்வியை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் அன்றாடம் இதுதான். விடியற்காலை 4 மணிக்குச் சோறு வடித்து, 5 மணிக்குத் தூக்குச் சட்டியில் போட்டு மூடி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துச் செம்பனைக்கு அடியில் விட்டுவிடுகிறோம். சாப்பிடத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். மேல் சோறு ஈரமாகவும் அடிச்சோறு இன்னும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் பேசில்லஸ் சீரியஸுக்கு மிகவும் பிடித்தமானது.

மண்ணிலும் நெல்லிலும் இயல்பாக இருக்கும் இந்தப் பாக்டீரியா, விதை போன்ற வித்துகளாக ஒடுங்கியிருக்கும்; சோறு கொதித்தாலும் அந்த வித்துகள் சாகாது. சோறு ஆறத் தொடங்கியதும் அந்த வித்துகள் முளைத்து, பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே சுரக்கும். ஒரு தடவை அந்த நஞ்சு உண்டாகிவிட்டால், சோற்றைப் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. இரவு முழுவதும் வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் நாசி கோரெங்காக வறுத்துக் கொடுத்தும் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

பொதுவாக 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் உணவுப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வகைகளும் உண்டு. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நமது சுகாதார அமைச்சு சொல்வதன் அடிப்படை இதுவே. நான்கு மணிக்கு வடித்த சோற்றுக்கு 8 மணி வரைதான் கெடு. 11 மணிக்கு அது கெடுவைத் தாண்டி 3 மணி நேரம் ஆகிவிடுகிறது.

வேலை நேரத்தை நாம் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிந்தவற்றைச் சொல்கிறேன். முதல் ஓய்விலேயே சாப்பிட்டுவிடுங்கள். சூடு காக்கும் பிளாஸ்க் வாங்க முடிந்தால், அதில் கொதிநீர் ஊற்றி வைத்திருந்து கொட்டிவிட்டு, சோற்றை ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த சாதமும் முட்டை வைத்த பொட்டலமும் சீக்கிரம் கெடும். புளி நன்றாகச் சேர்ந்த சாதத்தில் புளிப்பு பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும். நெடும்பயணத்துக்குப் புளிச்சாதம் கட்டிய நம் பாட்டிமார்கள் காரணம் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் நாள் முழுவதும் வெயிலில் வைத்திருக்க அதுவும் தாங்காது.

திருவிழாவுக்கு முதல் நாள் இரவே கறி சமைத்து வைக்கலாமா?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் முனீஸ்வரர் பூஜை நடந்தது. ஆட்டுக்கறியை முதல் நாள் இரவே பெரிய அண்டாவில் சமைத்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் மதியம் சற்றுச் சூடு காட்டிப் பந்தி பரிமாறினார்கள். அன்று நள்ளிரவுக்கு மேல் லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. கைவிளக்குகள் வரிசையாகக் கழிவறைப் பக்கம் போய்வந்துகொண்டிருந்ததை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, நான் பார்த்தேன். யாருக்கும் காய்ச்சல் இல்லை, வாந்தியும் அதிகமில்லை. மறுநாள் மாலைக்குள் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். தெய்வக் குற்றம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்; சமைத்த பெரியவர் பல நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரும் பரிசோதனை செய்யாததால் இன்ன கிருமி என்று இன்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மணிக்கணக்கும் அறிகுறிகளும் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பாக்டீரியாவின் நடத்தைக்கு அப்படியே பொருந்துகின்றன.

இதுவும் வித்தாக ஒடுங்கிக் கொதிநிலையைத் தாங்கும் இனம். காற்று இல்லாத இடத்தில்தான் வளரும். அண்டாவின் நடுப்பகுதியில் காற்று கிடையாது, சூடும் எளிதில் இறங்காது. மேலே கை வைத்தால் ஆறிவிட்டது போலத் தோன்றினாலும், உள்ளே பல மணி நேரம் 45 பாகை அளவில் கறி இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் இந்தப் பாக்டீரியா 10 நிமிடத்துக்குள்ளாகக்கூட இரட்டிப்பாகும். மறுநாள் வெறுமனே வெதுவெதுப்பாக்கிப் பரிமாறினால் கோடிக்கணக்கான கிருமிகளை உயிரோடு பரிமாறுகிறோம் என்று பொருள்.

ஆகவே பெரிய சமையலை அன்றைக்கே செய்வதுதான் நல்லது. முதல் நாள் சமைத்தே தீர வேண்டுமென்றால், அண்டாவில் விடாமல் நான்கு விரல் ஆழத்துக்கு மேற்படாத தட்டுகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் அந்தத் தட்டுகளை வைத்து விரைவாக ஆற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நடுக்கறியும் தளதளவென்று கொதிக்கும் வரை சூடாக்க வேண்டும். கொதித்தால் உயிருள்ள பெர்ஃபிரிஞ்சன்ஸ் செத்துவிடும். சோற்று நஞ்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நாற்றமும் இல்லை, ருசியும் மாறவில்லை. பிறகு எப்படிக் கெட்டுப்போயிருக்கும்?

உணவை ஊசிப்போகச் செய்யும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது நம் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. விரலில் சீழ் பிடித்த வெட்டுக்காயம் இருந்தால் அங்கே கூட்டமாக இருக்கும். அந்த விரலால் இறால் சம்பலைக் கலக்கி, பொட்டலம் கட்டி, சில மணி நேரம் மேசையில் வைத்தால் நஞ்சு உண்டாகிவிடும்; மணம், நிறம், ருசி எதுவும் மாறாது, சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் கையில் புண் உள்ளவர் அன்றைக்குச் சமைக்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியில்லையென்றால் புண்ணைக் கட்டி, அதன் மேல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

கோழியை மஞ்சள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடுமா?

போகாது. சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் பச்சைக் கோழியில் சாதாரணமாக இருப்பவை. மஞ்சளும் தண்ணீரும் அவற்றை அழிப்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்திருக்கும் கீரையிலும் தட்டிலும் போய் விழுகின்றன. கழுவாமல் மனசு கேட்காது என்பவர்கள், பேசினில் தண்ணீர் பிடித்து அதற்குள்ளேயே அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு மாறி, சாறு தெளிவாக வரும் வரை வேக வையுங்கள்.

சால்மொனெல்லா வந்தால் காய்ச்சலும் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் 4 முதல் 7 நாள் இருந்து, பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஆனால் அதைச் சாதாரணமாக எண்ணிவிடவும் கூடாது. 2018 அக்டோபரில் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் லக்சா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டவர்களிடையே பரவிய சால்மொனெல்லாத் தொற்றில் இரண்டு உயிர்கள் போயின. கேம்பைலோபாக்டர் போன பிறகு, அரிதாக, சில வாரம் கழித்துக் கால்களிலிருந்து தொடங்கி மேலேறும் நரம்புத் தளர்ச்சி வருவதுண்டு. பேதி நின்ற பிறகு கால் மரத்துப் பலமிழந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கெராங் சிப்பியை வெந்நீரில் முக்கி எடுத்துச் சாப்பிடலாமா?

நான் சாப்பிடுவதில்லை. கடல் சிப்பிகளில் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கலாம். 1950-இல் ஜப்பானில் ஒரு பெரிய மீன் நச்சுணவுச் சம்பவத்தின்போது அது கண்டறியப்பட்டது. சாப்பிட்ட ஒரு நாளுக்குள் நீர்ப்பேதியும் வயிற்று வலியும் வரும். ஓடு திறந்து சதை சுருங்கும் வரை கொதிக்க விட்டால் பயமில்லை. வெறுமனே முக்கி எடுத்தால் உள்ளே சூடு ஏறுவதே இல்லை.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஏன் டைபாய்டு ஊசி கட்டாயம்?

டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான், அசுத்தமான கை, உணவு, தண்ணீர் வழியாக வருகிறது. காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தலைவலி, சோர்வு, பசியின்மை இருக்கும். பேதிக்குப் பதிலாக மலச்சிக்கலும் வரலாம் என்பதால் பலர் இதை வயிற்று நோய் என்றே நினைப்பதில்லை. குணமான பிறகும் சிலருடைய பித்தப்பையில் அந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மேலன் என்ற பெண்மணி எந்த அறிகுறியும் இல்லாமல் பல குடும்பங்களுக்கு டைபாய்டைப் பரப்பியது 1907-இல் கண்டறியப்பட்டது. தன்னிடம் நோய் இருப்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவு கையாளுபவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஊசியின் பலன் சுமார் 3 ஆண்டுதான். பிறகு மறுபடியும் போட வேண்டும். பழைய அட்டையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் கடைக்காரர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலத்தில் இரத்தம் வந்தால்?

தாமதிக்கக் கூடாது. சீதமும் இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்தால் ஷிகெல்லா என்னும் சீதபேதிக் கிருமியாக இருக்கலாம். 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே போதும் என்பதால் ஒரே வீட்டில் பிள்ளைகளிடையே வேகமாகப் பரவும். காய்ச்சல் இல்லாமல் இரத்தப் பேதி வந்தால் ஈ.கோலை ஓ157 போன்ற வகையையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வகை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பேதி குறைந்துவரும் வேளையில் பிள்ளை வெளிறி, சிறுநீர் குறைந்தால் அது அவசரம். அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெள்ளையாகக் குடம் குடமாகப் போனால் காலரா; அதில் நேரம் இன்னும் குறைவு.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், வயிற்றுக் குழந்தைக்குக் கருச்சிதைவு வரை கொண்டுபோகும். காய்ச்சாத பாலையும் சூடாக்காத பதப்படுத்திய இறைச்சியையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்பது நம் வழக்கம். அன்போடு செய்யும் அந்தச் சடங்கைப் பற்றி இப்படிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், ஒரு வயது நிறைவதற்கு முன் தேனை நாக்கில் தொடவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மலச்சிக்கல், பால் உறிஞ்சப் பலமின்மை, மெலிந்த அழுகை, தொங்கும் இமை ஆகியவை அதன் அறிகுறிகள்.

வீட்டில் முதலில் என்ன செய்ய வேண்டும்? வயிற்றைக் காயப் போடலாமா?

காயப் போடக் கூடாது. உயிரை எடுப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஊசிவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்து மரணங்களைப் பெருமளவு குறைத்தார். கிளினிக்கில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதே கொள்கையில் அமைந்தது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள்; கண்ணளவு வேண்டாம். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் ஐசோடோனிக் பானங்களில் சர்க்கரை இருக்கும், உப்பு போதாது. சிறு பிள்ளைகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் போடலாமா?

வேண்டாம். நஞ்சால் வரும் வாந்திக்கு அதனால் பயனில்லை, ஈ.கோலை ஓ157-இல் அது சிறுநீரகச் சிக்கலை அதிகப்படுத்தக்கூடும். டைபாய்டுக்கும் கடுமையான சீதபேதிக்கும் அவசியம்தான், ஆனால் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது போடக் கூடாது. குழந்தைகளுக்கு ஒருபோதும் கூடாது.

எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மலத்தில் இரத்தம், 39 பாகையை எட்டும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, 3 நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி, எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைதல், இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போய்விடுங்கள். குழந்தைக்கு அழுதால் கண்ணீர் வராமை, குழி விழுந்த கண், அமுங்கிய உச்சிக்குழி, 6 மணி நேரமாக நனையாத துணி ஆகியவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் மழை பெய்தால் வண்டி வர நேரமாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பழைய சோறும் தப்பா?

நல்ல தண்ணீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குவதால் மற்றக் கிருமிகள் தலையெடுப்பது கடினமாகிறது. இரவு வடித்த சோற்றைச் சீக்கிரம் ஆற்றி, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துக் காலையில் சாப்பிடுவது ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சரி. பகல் முழுவதும் மேசையில் கிடந்த சோற்றில் இரவில் தண்ணீர் ஊற்றுவது வேறு விஷயம். நஞ்சு ஏற்கெனவே உண்டாகியிருந்தால் புளிப்பு அதைப் போக்காது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதுச் சோறே கொடுங்கள்.

கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர். புகார் செய்தால் அவர் பிழைப்பு கெடாதா?

இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரே கோயிலில் கும்பிடுகிறோம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக நிற்கிறோம். ஆனால் நீங்கள் கிளினிக்குக்குப் போனாலே, 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி நச்சுணவு, காலரா, டைபாய்டு போன்றவற்றை மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அதிகாரிகள் கடையைச் சோதிப்பார்கள். அசுத்தமாக இருந்தால் 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி 14 நாள் வரை மூடி வைக்கலாம், சுத்தம் செய்தபின் திறக்கலாம். பெரும்பாலும் ஒரு தண்ணீர்த் தொட்டியோ விரல் புண்ணோதான் காரணமாக இருக்கும். அது தெரியாமல் போனால் அடுத்த வாரமும் அதே கடையில் இன்னொரு குழந்தை சாப்பிடும்.

அதற்காக நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல், இன்னொரு பையில் இறுகக் கட்டி, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு தாளில் வாங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், முதல் வாந்தி அல்லது பேதி வந்த நேரம், யார் யார் சாப்பிட்டார்கள், சாப்பிடாமல் இருந்தவர்களில் யாருக்கேனும் நோய் வந்ததா என்பதைக் குறித்து வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுகாதார அதிகாரியிடம் கொடுங்கள்.